மேப்பில் எங்கள் வீடுதான், நம்பர் எங்களுடையது இல்லை

ராமேஸ்வரத்தில் சங்குமால் பக்கம் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் ஐந்து ரூம் வாடகைக்கு விடுகிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்குச் சோறு போடுவது அந்த மாடிதான். 2025 மே மாதம் அந்த மாடி எப்படிக் கையை விட்டுப் போகப் பார்த்தது, அதை மீட்க நான் எங்கெங்கே அலைந்தேன் என்பதை எழுதுகிறேன். அந்த நாற்பது நாளும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாகத் தவித்தேன். முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் முக்கால்வாசி நஷ்டம் வந்திருக்காது. ஊரில் ரூம், ஹோட்டல், கருவாட்டுக் கடை, படகுச் சவாரி என்று எது நடத்தினாலும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் பார்த்தது ஒரு பிரவுசிங் சென்டரில். நம்பரைத் தட்டினால் மார்க் வந்தது, பார்த்தேன், பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த இணையம் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. யாரோ ஒட்டுவார்கள், நாம் படிப்போம். 2019-ல் மாடி கட்டி முடித்தபோது கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒரு பையன், "அக்கா, கூகுள் மேப்ல ஏத்தி விடுறேன், ஐந்நூறு ரூபா குடுங்க" என்றான். ஏற்றினான். அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. அதுவரை ஸ்டேஷனில் நிற்கும் ஆட்டோ அண்ணன்மார் கூட்டி வந்தால்தான் ஆள், அதில் கமிஷன் போகும். மேப்பில் வந்தபின் கோயம்புத்தூரில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் நேராக எனக்கே போன் வந்தது. தங்கிப் போனவர்கள் போட்டோ போட்டார்கள், ஸ்டார் கொடுத்தார்கள், "தண்ணி வசதி நல்லாருக்கு, அம்மா காபி குடுத்தாங்க" என்று எழுதினார்கள். 2022 டிசம்பர் 23-ல் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்று, வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் திரும்பின காலத்திலும் எங்களைக் காப்பாற்றியது முகம் தெரியாத அந்த மனிதர்கள் எழுதிய நல்ல வார்த்தைகள்தான். இதை நன்றியோடு சொல்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் எழுதலாம் என்பதால்தான் நாங்கள் பிழைத்தோம். எல்லாரும் எழுதலாம் என்றால் எல்லாரும் திருத்தலாம் என்பதும் அதிலேயே அடக்கம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்து, ரயில் ஊருக்குள் வந்தது. அந்த மாதம் என் நோட்டில் 97 ரூம் வாடகை எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதுவரை அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. ஏப்ரல் கடைசியில் போன் திடீரென்று அடங்கியது. ஒரு நாளைக்குப் பத்து போன் வந்த இடத்தில் ஒன்று, இரண்டு. வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். காரணம் இல்லாமல் உங்கள் போன் அமைதியானால், முதல் வேலையாக வேறு யாருடைய போனிலாவது உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்கள் போனில் தேடாதீர்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பது வேறு போனில் பார்த்தால்தான் தெரியும்.

மே 9, வெள்ளிக்கிழமை. விடியற்காலை நாலே முக்கால் இருக்கும், கேட்டைத் தட்டும் சத்தம். சென்னை ரயிலில் வந்து இறங்கிய ஒரு குடும்பம். முப்பத்தைந்து வயதில் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. அந்த அம்மாவின் மடியில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு சின்னக் கலயம். பார்த்ததுமே அஸ்தி என்று தெரிந்துவிட்டது. "ரூம் புக் பண்ணிருக்கோம்மா, விழுப்புரத்துல இருந்து வர்றோம்" என்றார். எங்கள் ஐந்து ரூமும் ஏப்ரலிலேயே புக் பண்ணின ஒரு கல்யாண வீட்டாரிடம் இருந்தன. "யார்கிட்ட தம்பி புக் பண்ணீங்க?" என்று கேட்டேன். "உங்ககிட்டத்தாம்மா" என்று போனை நீட்டினார்.

அந்த வாட்ஸ்அப்பில் இருந்த படம் எங்கள் வீட்டு வாசல். நீலக் கதவு, பொங்கலுக்கு நான் போட்ட கோலம், ஓரத்தில் தம்பி மகனின் மூன்று சக்கர சைக்கிள். பெயர் எங்கள் வீட்டுப் பெயர். நம்பர் எங்களுடையது இல்லை. 1,500 ரூபாய் அட்வான்ஸ், அதற்கு மேல் 2,000 ரூபாய் "டெபாசிட், சாவி குடுக்கும்போது திருப்பித் தந்துடுவோம்" என்று மொத்தம் 3,500 வாங்கியிருக்கிறான். "மேப்ல உங்க வீட்டத் தொட்டா இந்த நம்பர்தாம்மா வருது" என்று அவர் தொட்டுக் காட்டினார். வந்தது. என் வீட்டுப் பெயருக்குக் கீழே, என் வீட்டுப் போட்டோவுக்குக் கீழே, எவனோ ஒருவன் நம்பர். எனக்குக் கை நடுங்கியது. அவர் மனைவி, "குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, இப்படி நடிக்காதீங்க" என்று சொன்னார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர்மேல் தப்பு இல்லை. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து, மாமனார் அஸ்தியோடு தெருவில் நிற்கிறவர் வேறு என்ன நினைப்பார்?

எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தேன். பெரியம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவர்கள் அக்னி தீர்த்தம் போய்க் காரியம் முடித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி ஈரத்துணியோடு வரும்வரை பைகளைப் பார்த்துக்கொண்டேன். போகும்போது அந்தத் தம்பி பணம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பையில் 1,000 ரூபாய் திணித்தேன். அவர் தந்த தகவலை வைத்து அன்றே இருவருமாக சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கு அடித்தோம். அவர் பணம் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ கை மாறிவிட்டது. இதை எல்லாரும் மனதில் வைக்க வேண்டும்: 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குத்தான் பயன். அவர்கள் உடனே வங்கிகளுக்குத் தகவல் கொடுத்து, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தப் பார்ப்பார்கள். மே 13-ல் ஏமாந்த இன்னொருவர் பணம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சந்தேகப்பட்டு எனக்கு அடித்தார். பழைய ரிவ்யூ போட்டோ ஒன்றில் ஓரமாகத் தெரிந்த என் நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்து எடுத்திருக்கிறார். நல்ல புத்திசாலி. அவரை உடனே 1930-க்கு அடிக்கச் சொன்னேன், அவர் பணம் 2,000 பிடித்து வைக்கப்பட்டது. அடிக்கும்போது யூபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். புகாரைப் பணம் போட்டவர்தான் கொடுக்க வேண்டும், அவருக்காக நாம் கொடுக்க முடியாது. நம் பெயரை எடுத்துப் பயன்படுத்தியதற்கு நாம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ரசீதைப் பற்றி இன்னொன்று. அந்த விழுப்புரத்துத் தம்பியின் ரசீதில் பணம் பெற்றவர் என்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் பெயர் இருந்தது. ஜிபே, போன்பே எதுவானாலும் பின் நம்பர் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் யாரும் எந்தப் பெயரும் எந்தப் படமும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் உள்ள பெயரை அப்படி நினைத்தபடி மாற்ற முடியாது. இப்போது புக் பண்ணுகிறவர்களிடம் நானே சொல்கிறேன்: "பணம் போடும்போது என் பேர் வருதான்னு பாருங்க, வேற பேர் வந்தா போடாதீங்க."

மே மாதத்துக்குள் எனக்குத் தெரிந்தே ஏழு குடும்பம் இப்படி வந்து நின்றது. சிலருக்கு ரூம் இருந்தது, வாடகையைப் பாதியாக்கிக் கொடுத்தேன். சிலருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். அதில் 8,200 ரூபாய் போனது. வீட்டுக்காரர் முதலில் சத்தம் போட்டார், "எவனோ திருடுனதுக்கு நம்ம ஏன் குடுக்கணும்?" என்றார். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்தான் வருகிறது, அதற்கு மேலேயே நான் கொடுத்திருக்கிறேன், அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாசலில் வந்து நிற்கிறவரை அப்படியே அனுப்ப எனக்கு முடியவில்லை.

அதைவிடப் பெரிய அடி ரிவ்யூவில் விழுந்தது. ஏமாந்தவர்களில் ஐந்து பேர் ஒரு ஸ்டார் போட்டு, "மோசடி வீடு, பணம் வாங்கிக்கொண்டு ரூம் இல்லை என்கிறார்கள்" என்று எழுதினார்கள். ஆறு வருஷமாகச் சேர்த்த பெயர். முதல் ரிவ்யூவைப் பார்த்த ராத்திரியே அழுதுகொண்டே பதில் எழுதினேன், "எவனுக்கோ பணம் போட்டுவிட்டு எங்களைத் திருடர் என்பீர்களா" என்று. பெரிய தப்பு. அந்தப் பதிலைப் படம் எடுத்து வேறு இரண்டு பேர் பரப்பினார்கள், பார்க்கிறவர்களுக்கு நான் சண்டைக்காரியாகத் தெரிந்தேன். கோபம் அடங்கும்வரை எழுதாதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து எழுதுங்கள். பிறகு அதை அழித்துவிட்டு, என்ன நடந்தது, சரியான நம்பர் எது, புகார் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று நான்கே வரி எழுதினேன். ஐந்து பேரின் நம்பரையும் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகப் பேசினேன். மூன்று பேர் மாற்றி எழுதினார்கள். ஒருவர் அழித்துவிட்டார். ஒருவர் போனையே எடுக்கவில்லை, அவருடைய ஒரு ஸ்டார் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் இரண்டாவது ஏமாற்று. "உங்கள் கெட்ட ரிவ்யூக்களை எடுத்துத் தருகிறோம், நம்பரை மாற்றித் தருகிறோம்" என்று ஒருவன் பேசினான். நல்ல தமிழ், பொறுமையான குரல், "அக்கா, கவலைப்படாதீங்க" என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தையை அத்தனை நாளில் யாருமே எனக்குச் சொல்லவில்லை. 6,500 ரூபாய் போட்டேன். அடுத்த நாள் ஓடிபி கேட்டான். அப்போதுதான் விழித்துக்கொண்டேன், ஓடிபி கொடுக்கவில்லை, பணம் போனது போனதுதான். ஒருமுறை அடிபட்டவரைத் தேடித்தான் அடுத்தவன் வருகிறான், ஏனென்றால் நம் புலம்பல் எல்லாம் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிக் கிடக்கிறது. ரிவ்யூவைப் பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், களைத்துப்போய் இருக்கும் நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நம்பர் எப்படி மாறியது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. மேப்பில் எந்தக் கடையைத் தொட்டாலும் திருத்தம் சொல்ல ஓர் இடம் இருக்கும். நேரம் மாறியிருக்கிறது, கடை மூடிவிட்டது, நம்பர் வேறு என்று யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். நல்ல எண்ணத்தில் வைத்தது, நானே ஒருமுறை மூடிப்போன மருந்துக்கடை ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். அதே வழியில் எவனோ நுழைந்து என் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டிருக்கிறான். அப்படி மாறினால் உரிமையாளருக்கு மெயில் போகும். எனக்கு ஏன் வரவில்லை? ஏனென்றால் அந்தப் பக்கத்துக்கு உரிமையாளர் நான் இல்லை. 2019-ல் அந்த ஜெராக்ஸ் கடைப் பையன் தன் மெயிலில் ஏற்றியிருக்கிறான். அவன் இப்போது வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். அவன் அம்மாவைப் பிடித்து, நம்பர் வாங்கி, அவனிடம் பேசினேன். பாவம், அவனுக்கும் வருத்தம். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, அந்த மெயிலோடு இணைத்த பழைய சிம் இப்போது இல்லை. நான்கு நாள் முயன்று அவன் பழைய லேப்டாப்பில் அந்த மெயில் திறந்தபடி இருப்பதை வீட்டில் கண்டுபிடித்தோம். ஏப்ரல் 27-ஆம் தேதி, "உங்கள் தொலைபேசி எண் புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரு மெயில், படிக்காமல் கிடந்தது. அதை அன்றைக்கே யாராவது திறந்திருந்தால், மே 9 விடியற்காலை அந்தக் கலயத்தோடு அந்த அம்மா என் வாசலில் நின்றிருக்க மாட்டார்.

அதனால் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடை, வீடு, படகு எது மேப்பில் இருந்தாலும் அது யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளையோ தெரிந்த பையனோ உதவி செய்யட்டும், மெயில் உங்களுடையதாக இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கும் போனில் தினம் திறக்கிற மெயிலாகவும் இருக்க வேண்டும். எனக்கு அந்த லேப்டாப் கிடைத்தது அதிர்ஷ்டம், உள்ளே போய் என் மெயிலுக்கு உரிமை மாற்றினோம். கிடைக்காதவர்கள் உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். மாற்றின பிறகும் இது என் வீடுதான் என்று வீடியோ எடுத்து நிரூபிக்கச் சொன்னது. தெரு, பக்கத்துக் கடை, பெயர்ப் பலகை, பிறகு நான் சாவி போட்டுக் கதவைத் திறப்பது, எல்லாம் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக. முதல் வீடியோ நிராகரிக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்குப் பலகையே இல்லை! எல்லாரும் மேப்பைப் பார்த்து வருகிறார்கள் என்று பலகை வைக்காமலே ஆறு வருஷம் ஓட்டிவிட்டோம். 1,800 ரூபாய்க்குப் பலகை எழுதி, அதில் நம்பரையும் பெரிதாக எழுதி மாட்டினேன். இரண்டாவது வீடியோ ஏற்கப்பட்டது. ஜூன் 3-ல் என் நம்பர் திரும்பி வந்தது. அதோடு முடியவில்லை, அந்தத் தப்பு நம்பரை வேறு இரண்டு இணையதளங்கள் அதற்குள் நகல் எடுத்து வைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுதி எடுக்க ஜூன் 20 ஆகிவிட்டது. நடுவில் ஒருமுறை மறுபடி அதே நம்பரை யாரோ திருத்தமாக அனுப்பினார்கள். இந்த முறை மெயில் எனக்கு வந்தது, பத்து நிமிஷத்தில் பழையபடி மாற்றிவிட்டேன்.

போலீஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்தேன், ராமநாதபுரத்துக்கு இரண்டு தடவை போய்வந்தேன், போக மட்டும் 55 கிலோமீட்டர். மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் மரியாதையாகப் பேசினார்கள். இணையத்தில் இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66டி பிரிவில் வரும், மூன்று வருஷம் வரை சிறை உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆளைப் பிடித்ததாக இதுவரை தகவல் இல்லை. மோசடி நம்பரைச் சொல்ல மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது, அதிலும் கொடுத்தேன். போகும்போது ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். என் புக்கிங் நோட்டு மிகவும் உதவியது. எந்தத் தேதியில் எந்த ரூம் யாரிடம் இருந்தது என்று பேனாவால் எழுதியிருந்ததால்தான் நான் இரண்டு பேரிடம் ஒரே ரூமை விற்கவில்லை என்று காட்ட முடிந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் 97 வாடகை ஓடின இடத்தில் மே மாதம் 41. ரூமுக்கு 1,200 என்று வைத்தால் 67,200 ரூபாய் போச்சு. வந்தவர்களுக்குக் கொடுத்தது 8,200, இரண்டாவது ஏமாற்று 6,500, பலகை, பஸ், அச்செடுத்த செலவு தனி. ஜூன் நஷ்டத்தைக் கணக்குப் போட மனசு வரவில்லை. மகளின் காலேஜ் பீஸுக்கு நகையை வைத்தோம், ஆடியில்தான் மீட்டோம்.

இதனால் போனைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். எப்படிப் போட முடியும்? வீட்டுக்காரர் கடலுக்குப் போகும்முன் காற்றையும் அலையையும் பார்ப்பது ஃபிஷர் ஃபிரண்ட் ஆப்பில், எல்லைக்கோடு நெருங்கினால் அதுதான் எச்சரிக்கிறது. மீன் விலை வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. இதெல்லாம் இல்லாமல் இனி எங்கள் பிழைப்பு இல்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், காபி ஆறுவதற்குள் மேப்பைத் திறந்து பெயர், நம்பர், போட்டோ, புது ரிவ்யூ நான்கையும் பார்க்கிறேன். இரண்டு நிமிஷ வேலை. வீட்டுப் போட்டோ எல்லாவற்றின்மேலும் நம்பரை எழுதித்தான் ஏற்றுகிறேன். அட்வான்ஸ் கேட்டால், "வீடியோ கால்ல வாங்க, வாசலக் காட்டுறேன், அப்புறம் போடுங்க" என்று சொல்கிறேன்.

ஜூலை 24 ஆடி அமாவாசைக்கு ஊரே நிரம்பி வழிந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு வீடியோ கால். விழுப்புரத்துத் தம்பி. "அம்மா ஆடி அமாவாசைக்கு வரணும்னு நிக்கிறாங்க, ரூம் இருக்குமா?" என்றார். இருந்தது. போனை வாசலுக்குக் கொண்டுபோனேன். பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல்: "கதவக் கொஞ்சம் காட்டுங்கக்கா." நீலக் கதவையும், புதுப் பலகையையும், அன்றைக்குப் போட்ட கோலத்தையும் நிதானமாகக் காட்டினேன்.